கூட்டுரோடு வர்றதுக்குள்ள

அக்கா, கூட்டுரோடு வந்தா கொஞ்சம் சொல்றீங்களா? செஞ்சி தாண்டி, பாலப்பட்டு கூட்டுரோடு. இறங்கறதுக்குன்னு இல்ல. இறங்கினாலும் இறங்குவேன். அது இன்னும் தெரியல. ஆனா வந்தா எனக்குத் தெரியணும்.

டிக்கெட் சென்னை வரைக்கும் எடுத்துட்டேன். ஊத்தங்கரையில ஏறினதும் கண்டக்டர் எங்கன்னு கேட்டாரு. ரெண்டு ஊர் பேரும் வாய்ல வந்து நின்னுச்சு. தூரமா இருக்கறத சொல்லிட்டேன். நடுவுல இறங்கினா யாரும் பிடிக்கமாட்டாங்க இல்லையா? நடுவுல இறங்கற டிக்கெட்ட வச்சுக்கிட்டு சென்னை வரைக்கும் போனாதான் தப்பு. அப்படி யோசிச்சு எடுத்தேன்.

இல்லக்கா, யாரும் துரத்தல. வீட்ட விட்டு ஓடியெல்லாம் வரல. என்னப் பாத்தா அப்படியா இருக்கு? காலேஜ்ல சேரப் போறேன். ப்ளஸ் டூ முடிச்சிருக்கேன். ரெண்டு இடத்துல எடம் கிடைச்சிருக்கு. ரெண்டுக்கும் இன்னிக்குதான் கடைசி நாள். ஒண்ணு அந்தக் கூட்டுரோட்டுல இறங்கி உள்ள நாலு கிலோமீட்டர் போகணும். இன்னொண்ணு சென்னையில.

நல்லதுதான். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. "ரெண்டு இடத்துல கிடைச்சிருக்கா, குடுத்து வச்ச பொண்ணு"ன்னு பக்கத்து வீட்டு அத்த சொல்றாங்க. எனக்கு அப்படித் தெரியல. எங்க வீட்ல யாரும் எதையும் தேர்ந்தெடுத்ததே இல்லக்கா. நான் படிச்ச ஸ்கூல், வீட்டுக்குப் பக்கத்துல இருந்துச்சு, சேத்தாங்க. அப்பா மாங்கூழ் கம்பெனியில மூட்ட தூக்கறாரு, அந்த வருஷம் அங்கதான் ஆள் எடுத்தாங்க. அம்மாவ அப்பாவுக்குக் கட்டி வச்சாங்க. ரெண்டுல எதுன்னு கேட்டா, கடையில சோப்பு வாங்கறப்பகூட அம்மா கடைக்காரரையே பாக்கும்.

சென்னையில இருக்கறது யுனிவர்சிட்டி. பெருசு. எவ்ளோ பெருசுன்னா, உள்ளயே பஸ் ஓடுது. அஞ்சு வருஷப் படிப்பு, உயிரியல், முடிச்சா நேரா ஆராய்ச்சிக்குப் போகலாம். நானும் அப்பாவும் போன வாரம் போனோம். டோக்கன் குடுத்தாங்க, இருநூத்தி பதினாலு. மூணு மணி நேரம் உக்காந்திருந்தோம். ஒருத்தர்கூட என் பேரக் கேக்கல. எனக்கு அவ்ளோ நிம்மதியா இருந்துச்சு. சுத்தி எங்கள மாதிரியே ஆளுங்க. ஒரு அப்பா தோள்ல துண்டோட, ஒரு அம்மா மஞ்சப் பையோட. அங்க நான் எந்த மூலையில வேணா உக்காந்து படிச்சுட்டு வந்துடுவேன்.

கூட்டுரோட்டுல இருக்கறது சின்னக் காலேஜ். வருஷத்துக்கு நாப்பது பேர்தான். நாலு வருஷம். ஆனா ஒரே பாடம் எடுத்துப் படிக்க முடியாது. கணக்கும் படிக்கணும், சரித்திரமும் படிக்கணும், செடியும் படிக்கணும், படம் வரையவும் சொல்வாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க. அப்பா கேட்டாரு. "யோசிக்கறதுக்கு"ன்னு சொன்னாங்க. அப்பா திரும்பி வர்றப்ப, "ஏம்மா, யோசிக்க அங்க போகணுமா, நீ வீட்லயே அதத்தான பண்ற"ன்னாரு.

எங்க சயின்ஸ் டீச்சர்தான் ரெண்டுக்கும் ஃபார்ம் போட்டாங்க. "ஏதாவது ஒண்ணு கிடைக்கும்"ன்னாங்க. ஒண்ணு கிடைச்சிருந்தா நான் இப்ப தூங்கிட்டு வந்திருப்பேன்.

சின்னக் காலேஜுக்கு ஒரு நாள் வரச் சொன்னாங்க, பாக்கறதுக்கு. பாய் விரிச்சு வட்டமா உக்கார வச்சாங்க. வட்டத்துல பின்னாடி வரிசையே கிடையாது, கவனிச்சிருக்கீங்களா? எஸ்தர் மேடம்னு ஒருத்தவங்க. ஏரியப் பத்தி ஒரு பக்கம் படிக்கக் குடுத்தாங்க. ஏரிய ஊர் பாத்துக்கணுமா சர்க்கார் பாத்துக்கணுமான்னு. படிச்சு முடிச்சதும் நேரா என்னப் பாத்தாங்க. "யுவராணி, நீ என்ன நெனைக்கிற?"

அக்கா, பன்னெண்டு வருஷம் படிச்சிருக்கேன். அப்படி ஒரு கேள்விய என்ன யாரும் கேட்டதில்ல. நான் எழுந்து நின்னுட்டேன். "நீங்க சொல்றது சரிங்க மேடம்"னேன்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேம்மா"ன்னாங்க.

எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க. பரவால்ல. மேடம் சிரிக்கல, அதுதான் இன்னும் மோசம். காத்துட்டு இருந்தாங்க. எங்க டீச்சரா இருந்தா, தெரியலன்னா "உக்காரு"ம்பாங்க, அடுத்த ஆளுக்குப் போயிடுவாங்க. இவங்க போகல. நான் நிக்கறேன், அவங்க பாக்கறாங்க. அப்புறம் பெங்களூர்லேர்ந்து வந்த ஒரு பொண்ணு, "மேடம், எனக்கு இந்தக் கட்டுரையே தப்புன்னு தோணுது"ன்னுச்சு. அந்தக் கட்டுரைய எழுதினதே மேடம்தான்! அவங்க மொகம் அப்படியே மலர்ந்துடுச்சு. "சொல்லு, சொல்லு"ன்னு முன்னாடி வந்து உக்காந்துக்கிட்டாங்க.

அங்க நான் எப்படிக்கா இருப்பேன்?

சாப்பாடு நல்ல சாப்பாடு. சாப்பிட்ட தட்ட அவங்கவங்கதான் கழுவணும். மேடமும் கழுவறாங்க. அப்பாவுக்குத் தாங்கல. ஓடிப்போய் மேடம் கையிலேர்ந்து தட்டப் பிடுங்கினாரு. "குடுங்கம்மா நான் கழுவறேன்"னு. அவங்க விடல. ரெண்டு பேரும் குழாயடியில ஆளுக்கொரு பக்கம் தட்டப் பிடிச்சுட்டு நிக்கறாங்க. நான் எங்கயாவது ஓடிப் போயிடலாமான்னு பாத்தேன்.

கிளம்பறப்ப மேடம் என் தோள்ல கை வச்சு, "உன்ன மாதிரிப் பிள்ளைங்க இங்க வரணும்"னாங்க. நல்ல மனசோடதான் சொன்னாங்க. ஆனா பஸ்ல வர்றப்ப எல்லாம் அதேதான் ஓடிச்சு. என்ன மாதிரின்னா என்ன? அந்த நாப்பது பேர்ல என்ன மாதிரி எத்தன பேரு? நான் பாத்தேன். அந்த 'மாதிரி' நான் ஒருத்திதான். நாலு வருஷம் எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு, நான் வாயத் தெறக்கறேனான்னு காத்துக்கிட்டு.

அப்ப சென்னைதான்னு முடிவு பண்ணிட வேண்டியதுதானேன்னு நீங்க நெனைப்பீங்க.

எங்க தெருவுல வெண்மதி அக்கான்னு ஒருத்தவங்க. மூணு வருஷம் முன்னாடி இதே யுனிவர்சிட்டியில சேந்தாங்க. எங்க தெருவே பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வழியனுப்புச்சு. மொத பரீட்சையில ஒரு பாடம் போயிடுச்சு. யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. ஒரு நாள் கிளாசுக்குப் போகல. மறுநாளும் போகல. ஹாஸ்டல் ரூம்லயே படுத்திருக்காங்க. சாப்பிட மட்டும் எழுந்து போயிருக்காங்க. நாலு மாசம், அக்கா! நாலு மாசம் வரலன்னு ஒருத்தருக்கும் தெரியல. பொங்கலுக்கு வந்தவங்க திரும்பப் போகல. இப்ப கார்மென்ட்ஸ் வேலைக்குப் போறாங்க. முந்தாநாள் போய்க் கேட்டேன், அங்க எல்லாரும் கெட்டவங்களான்னு. "சேச்சே, யாரும் கெட்டவங்க இல்லடி"ன்னாங்க. "நான் இல்லங்கறது யாருக்கும் தெரியல, அவ்ளோதான்"னாங்க. சொல்லிட்டு ஊசியில நூல் கோத்தாங்க.

அதுலேர்ந்து தூக்கமே இல்ல. ஒரு இடத்துல எல்லாரும் பாப்பாங்க. இன்னொரு இடத்துல செத்தாக்கூட பாக்கமாட்டாங்க.

இதுவா செஞ்சி? கோட்டையத் தாண்டிட்டோமா? இன்னும் எவ்ளோ நேரம்? அரை மணியா? சரி.

இத்தனைக்கும் போன வாரமே சென்னையில சேந்திருக்க வேண்டியது. டி.சி.யால நின்னுபோச்சு. ரிசல்ட் வந்து டி.சி. வாங்கிட்டு வந்தோமா, அன்னிக்கே அப்பா எடுத்துட்டுப் போய் அதுக்கு லேமினேஷன் போட்டுட்டாரு. கெட்டியான லேமினேஷன். தண்ணி பட்டாக்கூட ஒண்ணும் ஆகாதுன்னு கடைக்காரன் சொன்னானாம். எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல.

இருநூத்தி பதினாலு கூப்பிட்டாங்க. கவுண்ட்டர்ல இருந்தவரு டி.சி.ய வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "என்னய்யா இது, ஓட்டல் மெனு கார்டு மாதிரிப் போட்டு வச்சிருக்க? நான் எங்க சீல் வைக்கறது? எங்க கையெழுத்துப் போடறது? ஒரிஜினல லேமினேட் பண்ணக் கூடாதுன்னு புக்குல போட்டிருக்கு, படிக்கறதில்லையா?"ன்னாரு. பின்னாடி வரிசையே பாக்குது. அப்பா கையக் கூப்பினாரு. "தப்புதாங்க சார். படிக்காதவன் சார். தெரியாமப் பண்ணிட்டேன் சார்." மூணு தடவ சொன்னாரு. பொண்ண விட்டுறாதீங்க சார்னாரு.

நான் பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.

அப்புறம் வராண்டாவுல உக்காந்து, அந்த லேமினேஷன நகத்தால உரிக்கப் பாத்தாரு. மூட்ட தூக்கற கையி. காகிதத்தோட மூல கிழிஞ்சு வந்துடுச்சு. அப்படியே கீழ வச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டு வரேம்மான்னு எழுந்து போயிட்டாரு. ரொம்ப நேரம் வரல.

அவரு வர்ற வரைக்கும் நான் சும்மா வராண்டாவுல நடந்தேன். கடைசியில ஒரு ரூம், கண்ணாடிக் கதவு. உள்ள ஆறு மைக்ராஸ்கோப். அஞ்சு மேல உறை போட்டு மூடியிருக்கு. ஒண்ணுல ஒரு பொண்ணு உக்காந்து பாத்துட்டிருக்கு. எங்க ஸ்கூல்ல ஒண்ணே ஒண்ணுதான், நாப்பத்தாறு பேரு. ஒருத்தி பாக்கறப்ப மத்தவங்க எல்லாம் சத்தமா ஒண்ணு ரெண்டு எண்ணுவோம், பத்து வந்ததும் கண்ண எடுத்துடணும். வெங்காயத் தோல்ல கட்டம் கட்டமா இருக்கும், அக்கா. பாத்திருக்கீங்களா? கட்டம் தெளியறதுக்குள்ள ஏழு வந்துடும். உள்ள ஒரு புள்ளி இருக்கும், அதப் பாக்கப் போறப்ப பத்து வந்துடும். அந்தப் பொண்ணப் பாத்ததும் நானும் எண்ண ஆரம்பிச்சுட்டேன், பழக்கம். பத்து போச்சு. அம்பது போச்சு. நூறு போச்சு. அவ கண்ண எடுக்கவே இல்ல. முன்னூத்தி பன்னெண்டு வரைக்கும் எண்ணினேன். அப்பா வந்து கூப்பிட்டாரு, விட்டுட்டேன். இல்லன்னா எவ்ளோ நேரம் பாத்தான்னு தெரிஞ்சிருக்கும்.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், டி.சி. வெள்ளிக்கிழம நாலு மணி வரைக்கும் டைம் குடுத்தாங்க. அந்த வெள்ளிக்கிழம இன்னிக்குதான். ஹெட்மாஸ்டர்கிட்ட அழுது, பழசக் குடுத்துட்டு வேற டி.சி. வாங்கியாச்சு. இதோ, இந்தப் பையில நியூஸ் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கேன். அத அப்பா தொடவே இல்ல. எஸ்தர் மேடத்துக்கு போன்ல விஷயத்தச் சொன்னப்ப, "டி.சி. எப்படி இருந்தா என்ன, நீ வந்தா போதும். ரூம்கூடப் போட்டாச்சு. வர்றதானே?"ன்னாங்க. "சரிங்க மேடம்"னுட்டேன். யுனிவர்சிட்டியிலயும் "வெள்ளிக்கிழம வந்துடுவல்ல?"ன்னாங்க. அங்கயும் "சரிங்க சார்"தான்.

இல்ல, அப்பா கூட வரல. காலையில கிளம்பிட்டு நிக்கறேன், அவரு சட்ட மாட்டல. "நீயே போயிட்டு வந்துடும்மா. நான் வந்தா எதையாவது கெடுத்துடுவேன்"னாரு.

என்னக்கா?

அந்த புக்கா? ஆமா, ஃபார்மோட குடுப்பாங்க, ஒரு சின்ன புக்கு. எங்கிட்டதான் இருந்துச்சு. படிச்சேன். எத்தன தடவன்னு கேட்டா... நான் எதையும் ஒழுங்காப் படிக்கற பொண்ணு. பதினோரு தடவ படிச்சிருப்பேன். ஆறாவது பக்கத்துல கீழ கட்டம் போட்டு இருந்துச்சு, ஒரிஜினல லேமினேட் பண்ணக் கூடாதுன்னு.

அப்பா எடுத்துட்டுப் போனப்ப நான் இல்ல. இல்ல, இருந்தேன். சைக்கிள்ல கவர மாட்டிக்கிட்டு நின்னாரு. "லேமினேஷன் போட்டுட்டு வந்துடட்டாம்மா?"ன்னு கேட்டாரு.

கேட்டாரு அக்கா. கேக்கலன்னு இப்பதான் உங்ககிட்ட சொன்னேன். வீட்லயும் அப்படித்தான் சொல்லிட்டிருக்கேன். சொல்லிச் சொல்லி எனக்கே அப்படி ஆயிடுச்சு.

நான் ஒண்ணும் சொல்லல. துணி மடிச்சுட்டிருந்தேன், மடிச்சுட்டே இருந்தேன். அவரு ஒரு நிமிஷம் நின்னாரு. அப்புறம் போயிட்டாரு.

வேணும்னே விட்டியான்னா, அப்படி இல்லக்கா... எப்படிச் சொல்றது? அவங்களே வேணாம்னு சொல்லிட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு. ஒருத்தரு கவுண்ட்டர்ல உக்காந்துட்டு இல்லன்னு சொன்னா அது யார் தப்பும் இல்ல. எங்க ஊர்ல எத்தன பேருக்கு இல்லன்னு சொல்லியிருக்காங்க, அவங்கெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. நானா போயி, நானா தோத்து, வெண்மதி அக்கா மாதிரி தெருவுல நடந்து வர்றத விட. ஆனா பாருங்க, யாரும் இல்லன்னு சொல்லல. அப்பாதான் வரிசை முன்னாடி கையக் கூப்பினாரு. படிக்காதவன்னு சொன்னாரு. படிச்சவ பக்கத்துல நின்னுட்டிருந்தேன்.

அவருகிட்ட இன்னும் சொல்லல. அத நெனச்சா இதெல்லாம் ஒண்ணுமே இல்ல.

எனக்கு எது பிடிச்சிருக்கா? பிடிக்கறதப் பத்தி இப்ப என்னக்கா? எது சரின்னு தெரிஞ்சாப் போதும். நீங்க சொல்லுங்களேன். நீங்க பெரியவங்க, நாலு இடம் பாத்தவங்க. நீங்க இறங்குன்னா இறங்கிடறேன், உக்காருன்னா உக்காந்துக்கறேன். நாளைக்கு என்ன ஆனாலும் உங்களக் குத்தம் சொல்லமாட்டேன், சத்தியமா. உங்க பேரு என்ன, ஊரு எதுன்னுகூட எனக்குத் தெரியாது.

ஏன் சொல்லமாட்டேங்கறீங்க?

எதச் சொல்றப்ப என் மொகம் மாறிச்சு? நான் எங்க சிரிச்சேன்? கண்ணாடிக் கதவுகிட்டயா? எனக்குத் தெரியாதே. நான் பயத்தத்தான சொல்லிட்டு வந்தேன்.

இல்ல, அங்கயும் பயம்தான். அங்கதான் ரொம்ப பயம். அந்த இடம் போயிடுச்சுன்னாதான் எனக்கு... அதனாலதான் அந்த லேமினேஷன...

வந்துடுச்சா? இதுவா கூட்டுரோடு? இவ்ளோ சின்னதா இருக்கு! ஒரு டீக்கடைதான் இருக்கு. யார் இறங்கறாங்க? ரெண்டு பேர்தானா? அக்கா, சும்மா உக்காந்திருந்தா பஸ் கிளம்பிடும். கிளம்பிட்டா சென்னை. அவ்ளோதான், முடிஞ்சுடும், யாரையும் கேக்க வேண்டியதில்ல.

அது அதேதானேக்கா? துணி மடிச்சுட்டு நின்ன மாதிரிதான? அன்னிக்கு அப்பா மேல விட்டேன். இன்னிக்கு பஸ்ஸு மேல. நாளைக்கு நான் என்னத்தச் சொல்லுவேன், பஸ்ஸு கிளம்பிடுச்சு, அதான் போனேன்னா?

விசில் ஊதறாரு. அண்ணே! அண்ணே, கிளம்பாதீங்க! ஒரே நிமிஷம்!

இல்லண்ணே, இறங்கல. நான் சென்னைதான். ஒரு போன் பேசணும். பஸ்ஸு ஓடறப்பவும் போன் பேசலாம்தான், தெரியும்ண்ணே. நிக்கறப்பவே பேசணும். கிளம்பினப்புறம் பேசினா அது வேற. ப்ளீஸ்ண்ணே. பெரியவரே, கோச்சுக்காதீங்க, ஒரு நிமிஷம்தான். ரிங் போகுது.

மேடம், நான் யுவராணி. கூட்டுரோட்டுலதான் மேடம் இருக்கேன். இல்ல, வண்டி அனுப்பாதீங்க. நான் வரல மேடம்.

வரல. சென்னைக்குப் போறேன்.

அப்பா சொல்லல மேடம். டீச்சரும் சொல்லல. யாரும் சொல்லல. நான்தான்.

உங்க இடம் நல்லா இல்லன்னு இல்ல மேடம். நீங்க அன்னிக்குக் கேட்டீங்க, நான் என்ன நெனைக்கிறேன்னு. எனக்கு அங்க போயி, யாரும் பத்து எண்ணாம, ரொம்ப நேரம் பாக்கணும் மேடம். என்ன பாக்கணும்னு சரியாச் சொல்லத் தெரியல. அது போதுமா?

பயமாத்தான் இருக்கு. ஆமா. யாராவது ஒருத்தர்கிட்டயாவது போய்ப் பேசுவேன் மேடம், மொத வாரமே. படுத்துட மாட்டேன். அந்த ரூம வேற பிள்ளைக்குக் குடுத்துடுங்க. வச்சிடறேன் மேடம்.

போலாம்ண்ணே. சொல்லிட்டேன். போலாம்.

திட்டலக்கா. சரின்னாங்க. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இந்தப் பையக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?

அக்கா, எல்லாரும் என்னையே பாக்கறாங்களா? நான் திரும்பல. நீங்க பாத்துச் சொல்லுங்க.